பிள்ளைச் சூடு

எங்கள் ஊர்ச் சுனையில் குளித்துவிட்டுப் போகிறவர்களின் உடம்புச் சூடு, அவர்கள் நின்ற இடத்திலேயே, நின்ற உருவத்திலேயே தண்ணீருக்குள் தங்கிவிட ஆரம்பித்தது இந்த வருஷம் காணும் பொங்கலன்று. ஏன் தங்கியது என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்க வேண்டியவர்கள் எல்லாம் ஜீப்பில் வந்து கேட்டுவிட்டு, பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டு, என் கடையில் பஜ்ஜி தின்றுவிட்டு மலையிறங்கிப் போய்விட்டார்கள். சூடு மட்டும் போகவில்லை.

சுனை குகைக்குள் இருக்கிறது. குகை வாசலில் ஒரு பாறை குறுக்கே தாழ்ந்து கிடக்கும். எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் பத்தடி தூரம் முதுகை வளைத்துக் கூனிக்கொண்டுதான் அதன் அடியில் போகவேண்டும், அதனால்தான் ஊருக்கே கூனிப்பாறை என்று பெயர். கூனி முடித்து நிமிர்ந்தால் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு குகை, மேலே ஆகாயம் தெரிகிற ஒரு பொத்தல், அந்தப் பொத்தல் வழியாக விழுகிற வெளிச்சத்தில் பச்சைப் பசேலென்று தண்ணீர். சித்திரை வெயிலிலும் இறங்கினால் பல் தந்தியடிக்கும். மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வேன் பிடித்து வருகிறவர்கள் தார்ப்பாய் மறைப்பில் உடை மாற்றிக்கொண்டு, செல்போனைப் பாலிதீன் பையில் சுற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அய்யோ அம்மா என்று கத்திக்கொண்டே இறங்குவார்கள், இறங்கியவர்கள் உதடு நீலம் பாரிக்கும்வரை ஏறமாட்டார்கள். அவர்கள் பிடித்து மிதக்க லாரி டியூப் வாடகைக்குக் கொடுப்பவள் காளீஸ்வரி. ஆழம் தெரியாமல் போகிறவர்களை விசில் ஊதித் திருப்புகிறவர் மொக்கச்சாமி.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில், ஆளில்லாத சுனையில் மிதந்துகொண்டிருந்த டியூப்களைச் சேர்க்க இறங்கிய காளீஸ்வரி, இடுப்பளவுத் தண்ணீரில் நாலெட்டு வைத்ததும் ஒரு சூட்டின்மேல் மோதினாள். மோதினாள் என்றுதான் எங்களிடம் சொன்னாள். ஓர் ஆள் அகலத்துக்கு, காலிலிருந்து இடுப்புவரை, தண்ணீருக்குள் தனியாக ஒரு சூடு. அவள் பயப்படவில்லை. "யாரோ நிக்கிறாகன்னு வெலகிப் போனேன், அங்கிட்டு ஒருத்தர், இங்கிட்டு ஒருத்தர், கைகோத்துக்கிட்டு நாலு பேரு, ஒரே கூட்டமால்ல நிக்குது" என்று கரையேறி வந்து சொன்னாள். நாங்களும் போய் இறங்கிப் பார்த்தோம். நின்றார்கள்.

மூட்டுவலிக்காரர்கள் பருத்த ஆட்களின் சூடாகப் பார்த்து முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், துணி துவைக்கிறவர்கள் வரிசையாக நின்ற கல்லூரிப் பையன்களின் சூட்டில் போர்வைகளை ஊறப்போட்டார்கள், பள்ளிக்கூட வாத்தியார் தெர்மாமீட்டரை நூலில் கட்டி இறக்கி ஒரு நாற்பது பக்க நோட்டை நிரப்பினார், இன்னார் இன்னாரோடு ஒட்டி நின்றிருக்கிறார் என்று தண்ணீரைத் தடவிக் கண்டுபிடித்து இரண்டு குடும்பங்களில் சண்டை மூட்டியவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அந்த மும்முரத்தில்தான் சூட்டின் சட்டமும் எங்களுக்குப் பிடிபட்டது. ஒருவர் நின்ற இடத்தில் இன்னொருவர் போய், ஒரு வெற்றிலையை மென்று துப்புகிற நேரம் நின்றால், பழைய ஆள் கலைந்து புது ஆளின் சூடு அங்கே உட்கார்ந்துவிடும். ஆராய்ச்சிக்கென்று வந்த ஓர் அதிகாரி, யாரோ ஒரு பெண்ணின் சூட்டுக்குள் நின்று அரைமணி நேரம் குறிப்பெடுத்தார்; அவர் ஏறிய பிறகு அங்கே மிச்சமிருந்தது அவருடைய தொப்பைதான். தன் சூட்டில் தானே போய் நின்றால் மட்டும் எதுவும் கலையாது. அதை மொக்கச்சாமி தன் சூட்டிலேயே நாலு முறை நின்று பார்த்து உறுதி செய்தார்.

கலைக்காமல் ஆள் பார்க்க ஒரு வழியைக் காளீஸ்வரிதான் கண்டுபிடித்தாள். ஒரு சின்ன மருந்துக் குப்பியில் தேங்காய் எண்ணெயை நிரப்பி, மூங்கில் கழியின் நுனியில் கட்டிச் சுனைக்குள் முக்குவாள். அந்தக் குளிருக்கு எண்ணெய் வெள்ளையாக உறைந்துபோகும். கழியை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், எந்த இடத்தில் எண்ணெய் உருகித் தெளிகிறதோ அங்கே ஓர் ஆள் நிற்கிறார். உருகுகிற ஓரத்தைப் பிடித்துக்கொண்டே மேலும் கீழும் போனால் தோள் எது, இடுப்பு எது, கையைக் கட்டியிருக்கிறாரா தொங்கவிட்டிருக்கிறாரா என்பதுவரை அவள் சொல்லிவிடுவாள்.

மாசி மாதம் அவளுக்குச் சுனைச்சாமி கிடைத்தார். குகையின் உள்மூலையில், மேல்பாறையிலிருந்து ஓயாமல் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், இரண்டாள் ஆழம் என்று நாங்கள் யாருமே போகாத இடத்தில், ஒதுங்கிப்போன டியூபை இழுக்க நீட்டிய கழியின் எண்ணெய் உருகியது. தண்ணீருக்கடியில் அங்கே ஒரு கல்திட்டு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. திட்டின்மேல் நெடுநெடுவென்று ஓர் ஆண், தோள்வரை தண்ணீரில், அசையாமல் நின்றிருக்கிறார். வலதுகையை நெஞ்சுக்கு மடக்கி எதையோ பிடித்திருக்கிறார், இடது கக்கத்தில் எதையோ இடுக்கியிருக்கிறார். அந்த இரண்டு இடத்திலும் மட்டும், மற்ற எந்த ஆளிடமும் இல்லாத விதமாக, எண்ணெய் கண்மூடித் திறப்பதற்குள் உருகியது. எங்கள் பூசாரி ஒருநாள் பட்டினி கிடந்து யோசித்துவிட்டு, கையில் இருப்பது தாமரை மொட்டு, கக்கத்தில் இருப்பது யோகதண்டம், நிற்பவர் நமக்கெல்லாம் முந்திய சித்தர் என்று சொன்னார். டூர் வந்த ஆள் எவனாவது அந்த மூலையில் போய் நிற்பானா என்று நாங்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். அவரைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினோம், டியூபில் வைத்து மாலை மிதக்கவிட்டோம், வேனில் வருகிறவர்கள் கயிற்றுக்கு இப்பால் நின்று கும்பிட்டுப் படமெடுத்துக்கொண்டார்கள். சாமியைக் கலைத்துவிடக்கூடாது என்கிற பயத்தில் எட்டு மாதமாக அந்த மூலைக்கு ஒரு கால்கூடப் போகவில்லை. நாங்கள் செய்த தப்பிலேயே உருப்படியான தப்பு அதுதான்.

சங்கதி வெளியூருக்குப் பரவியதும் குளிக்க வருகிறவர்களோடு தேட வருகிறவர்களும் வர ஆரம்பித்தார்கள். பொங்கலுக்கு இங்கே வந்து குளித்துவிட்டுப் போன பிறகு செத்துப்போனவர்களின் ஆட்கள். அவர்களுக்காகச் செவ்வாய்க்கிழமை சுனைக்கு லீவு விட்டோம். அன்றைக்கு யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. இரண்டு டியூபைச் சேர்த்துக் கட்டிய பலகையில் உட்காரவைத்து, காளீஸ்வரி கழியால் தள்ளிக்கொண்டு போவாள். உருகிய குப்பியைப் பார்த்து அழுதுவிட்டுப் போனவர்கள் உண்டு. தாங்கமாட்டாமல் குதித்து, கட்டிப்பிடித்து, தன் சூட்டாலேயே தன் புருஷனைக் கலைத்துவிட்டு ஏறியவளும் உண்டு. அவள் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஆவணி முதல் செவ்வாய்க்கிழமை ஒட்டன்சத்திரத்திலிருந்து இந்துராணி வந்தாள். முப்பது வயதிருக்கும், கழுத்தில் பையை மாட்டியபடி என் கடை வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவள் மகன் சேந்தன், மூன்றரை வயது, ஆனி மாதம் காய்ச்சலில் ஏழு நாள் கிடந்து செத்துப்போனான். காணும் பொங்கலுக்கு அவளும் அவள் புருஷன் தவசியும் பிள்ளையும் இங்கே வந்திருந்தார்கள்.

"எம்புட்டு உயரம்த்தா இருப்பான்?" என்று காளீஸ்வரி கேட்டாள்.

இந்துராணி தன் இடுப்புக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டினாள். அந்தக் கையை அவள் உடனே எடுக்கவில்லை.

அந்த உயரத்துக்குக் கரையோரத்துத் தண்ணீரைத்தான் தேடவேண்டும். கரையோரமோ ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மிதித்து மிதித்து ஆள்மேல் ஆளாகக் கலைந்து கிடந்தது. இருந்தும் பாறை இடுக்குகளில், படிக்கல்லின் நிழலில், சின்னச் சின்னச் சூடுகள் தப்பியிருந்தன. ஒன்றொன்றாகப் பார்த்தார்கள். இது பொம்பளப் பிள்ளை, சடை இருக்கிறது. இது ஏழெட்டு வயசு. இது நாய். முதல் செவ்வாய் போயிற்று, இரண்டாம் செவ்வாய் போயிற்று, அவள் ஒவ்வொரு வாரமும் முதல் பஸ்ஸுக்கு வந்து கடைசி பஸ்ஸுக்குப் போனாள், எதுவும் சாப்பிடாமல் போனாள், நான் பொட்டலம் கட்டிக் கொடுத்த பஜ்ஜியை பஸ் ஸ்டாண்டு நாய்க்குப் போட்டுவிட்டாள் என்று கண்டக்டர் வந்து சொன்னான்.

நாலாவது செவ்வாய்க்கிழமை பலகையில் உட்கார்ந்தபடியே காளீஸ்வரியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, அன்னைக்கு நான்தான் சொன்னேன், புள்ளைய தண்ணியில எறக்கிறாதீங்க, சளி பிடிச்சிரும்னு. சொல்லிட்டு பஜ்ஜி வாங்கப் போயிட்டேன். வந்து பாத்தா ரெண்டு பேரும் அந்தா உள்ளுக்க எங்கிட்டோ நிக்கிறாக. நெறைய கூட்டம், எங்கன்னு தெரியல, குரல் மட்டும் கேட்டுச்சு. போதும், ஏறி வாங்கன்னு கத்துனேன். ஏறி வந்தாக. புள்ள தலையெல்லாம் ஈரம். முக்கிட்டீங்களான்னு கேட்டேன், இல்லவே இல்லைன்னு சாதிச்சாரு. ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் சண்டை."

"பெறகு?"

"பெறகு ஆனியில காய்ச்சல் வந்துச்சு. கொசுவால வந்த காய்ச்சல்னு டாக்டர் சொன்னாக. எனக்கும் தெரியும். ஆனா ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சு நான் அவருகிட்டச் சொன்னேன், அன்னைக்கு எம்பேச்சக் கேட்டிருந்தா எம்புள்ளைக்கு இப்படி ஆகுமான்னு."

அதிலிருந்து தவசி வீட்டுக்கு வருவதில்லை. பைக்குக்கு சீட் தைக்கிற கடை வைத்திருக்கிறார், அங்கேயே ரெக்சின் சுருள்களுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறார். சோறு கொடுத்துவிட்டால் சாப்பிடுகிறார். கேட்டதற்குப் பதில் சொல்கிறார். அவ்வளவுதான்.

"அவரு பொய்தான் சொல்லியிருக்கணும்க்கா" என்றாள் இந்துராணி. "எறக்கித்தான் இருக்கணும். தல ஈரமா இருந்துச்சு, நான் பாத்தேன். எறக்கியிருந்தாத்தான எம்புள்ள இங்க இருப்பான்."

காளீஸ்வரி கழியை ஊன்றித் தள்ளினாள். இரண்டு மாதமாகப் புருஷனை எந்தக் குற்றத்துக்காகத் தள்ளிவைத்தாளோ, அந்தக் குற்றத்தை அவர் செய்திருக்கவேண்டுமே என்று அவள் வேண்டிக்கொண்டு வருகிறாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தபிறகு கடையில் யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை.

புரட்டாசி கடைசிச் செவ்வாய்க்கிழமை விடியும்போதே மேல்மலையில் மேகம் கட்டிவிட்டது. ஐப்பசி மழை இறங்கினால் குகையின் பின்பக்கத்துப் பொந்து வழியாகக் காட்டுத் தண்ணீர் உள்ளே பாய்ந்து, சுனையைக் கலக்கிக்கொண்டு வாசல்வரை வந்து நிற்கும்; வருஷாவருஷம் அப்போது மூடினால் மார்கழியில்தான் திறப்போம். இந்த வெள்ளத்துக்குச் சூடுகள் நிற்குமா போகுமா என்று யாருக்கும் தெரியாது. முதல் வருஷம்தானே. ஆனால் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம், நினைத்ததை அவளிடம் சொல்லத்தான் ஆளில்லை. கடைசியில் மொக்கச்சாமி சொன்னார்.

"இன்னையோட சரிம்மா. சாயந்தரம் கதவப் பூட்டிருவேன்."

அன்று கரையோரம் முழுக்க மறுபடி முதலிலிருந்து தேடினார்கள். மதியம் இரண்டு மணிக்குத் தேட இடமில்லை. இந்துராணி குப்பியைத் தானே வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே பார்த்த இடங்களிலேயே மாற்றி மாற்றி முக்கினாள், உறைந்த எண்ணெயைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், மறுபடி முக்கினாள், வாய் ஓயாமல் வா சாமி, வா தங்கம், ஒரே ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. குகையில் நின்ற நாங்கள் பாறையைப் பார்த்தோம், தரையைப் பார்த்தோம்.

காளீஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை. வேறு வழியில்லாதபோது எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்.

"வாத்தா, சுனைச்சாமிகிட்ட ஒருவாட்டி கேட்டுட்டுப் போயிரு" என்று பலகையை உள்மூலைக்குத் தள்ளினாள்.

மஞ்சள் கயிற்றருகே பலகை நின்றது. மேலே சொட்டிய தண்ணீர் இந்துராணியின் உச்சியில் விழுந்து நெற்றியில் வழிந்தது. காளீஸ்வரி குப்பியை இறக்கி, கோயிலில் சாமியைக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இது சாமியோட வலது தோள். இது கை. இந்தா பாரு, சட்டுன்னு உருகுதுல்ல, இதுதான் கையில வச்சிருக்க தாமரை மொட்டு. ஒரு சாண்கூட இல்ல. இங்கிட்டு எடது கக்கத்துல யோகதண்டம். இதுவும் அப்படித்தான், அம்புட்டுச் சூடு."

இந்துராணி தலையில் கை வைத்து, அங்கே இறங்கியிருந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அண்ணாந்து சொட்டுகிற பாறையைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தத் தண்டம் எங்கிருந்து வருது?"

"எங்கிருந்துன்னா?"

"மேலருந்தா கீழருந்தா?"

காளீஸ்வரி குப்பியை நகர்த்தினாள். எண்ணெய் தெளிந்தபடியே தோளுக்கு ஏறியது. மொட்டையும் மேலே தொடர்ந்து பார்த்தாள், மொட்டின் காம்பு கீழே போகாமல் மற்றத் தோளுக்கு ஏறி, தண்ணீர் முடிகிற இடத்தில் முடிந்தது.

"எம்புள்ள கழுத்துல ஏறி உக்காந்தா ஒரு காலக் கக்கத்துல சொருகிக்குவான்" என்றாள் இந்துராணி. "குளிருதுப்பான்னுட்டு. எடது காலு. எப்பவும் எடது காலுதான்."

அவள் கத்தவில்லை. கயிற்றைத் தாண்டிக் கை நீளப் போனது, காளீஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த பிடியில் இருவரும் பலகையோடு ஆடினார்கள். "தொட்றாத தாயி. தொட்டா விடமாட்ட, ஒன்னோடதாப் போயிரும்." தொடுவதற்குத்தானே அவள் ஒன்பது வாரம் வந்தாள். அந்தக் கை காளீஸ்வரியின் பிடிக்குள் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு ஓய்ந்தது.

அவர் இறக்கவில்லை. சளி பிடிக்கும் என்று அவள் சொன்ன ஒரு சொல்லுக்காக, தண்ணீர் ஏறாத உயரத்தில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டே அத்தனை தூரம் போயிருக்கிறார், சொட்டுத் தண்ணீரை வாயில் பிடித்து அவன் விளையாடியிருக்கிறான், அதில் நனைந்ததுதான் தலை. அவள் பேச்சைக் கேட்டதால் இந்த உலகத்தில் அவனுடையது என்று மிச்சமிருப்பது முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள். கேட்காமல் போயிருந்தால் முழுப் பிள்ளையும் இருந்திருப்பான்.

எங்கள் ஊரில் செல்போன் பேச என் கடைக் கம்பத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் அவள் பேசியதை நான் கேட்டேன். அந்தப் பக்கம் பேசியதும் கேட்டது.

"என்னங்க, அன்னைக்குப் புள்ளைய தண்ணியில எறக்குனீங்களா?"

"எறக்கல. நீ சொன்னேல்ல."

"எடது கால எங்க வச்சிருந்தான்?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"கக்கத்துல" என்றார்.

"இங்க இருக்கு. ரெண்டு காலும் இருக்கு. நான் தொட்டா அழிஞ்சிரும், நீங்க நின்னா அழியாதாம். மழை வரப்போகுது. வாங்க."

ஒன்றரை மணி நேரத்தில் தவசி வந்தார், மழைக்கோட்டோடு, விரலெல்லாம் ரெக்சின் ஒட்டுகிற பசையோடு, ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து. தூறல் ஆரம்பித்திருந்தது. எங்கள் சுனைச்சாமி ஸ்பிளண்டரில் வந்து இறங்கியதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். கூட்டத்தில் ஒரு கிழவி அவரைக் கும்பிட்டுவிட்டாள். பூசாரி மட்டும், உயரம் ஒத்துப்போகிறது என்பதற்காக ஆளும் அவராகிவிடுவாரா என்று முணுமுணுத்தார், யாரும் காதில் வாங்காததால் அவரே போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

மொக்கச்சாமி விசிலை வாயில் வைத்தபடி பின்பக்கத்துப் பொந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைத் தண்ணீருக்குள் செம்மண் நிறத்தில் ஒரு கோடு இறங்க ஆரம்பித்திருந்தது. "கால்மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தரமாட்டேன்" என்றார்.

தவசி சட்டையோடு இறங்கினார். பொங்கலன்று போன வழியை அவர் கால் மறக்கவில்லை. பாறையோரமாகவே ஒதுங்கி, அடியில் நீண்ட கல்விளிம்பைக் காலால் தடவித் தடவிப் போய்த் திட்டில் ஏறினார். ஏறி, அரையடி இடப்பக்கம் நகர்ந்தார். அப்புறம் நகரவில்லை. வலதுகை தானாக நெஞ்சுக்கு மடங்கியது, இடதுகை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவர் முகத்தைப் பார்த்தவுடன் பூசாரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பலகை அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இந்துராணி குனிந்தாள்.

"இருக்கானா?"

"இருக்கான்."

"சுடுதா?"

"ம்."

"காய்ச்சலடிச்சப்ப இருந்துச்சே, அப்படியா?"

"இல்ல. சும்மா புள்ளச் சூடு. தூங்கி எந்திரிச்சா இருக்குமே, அந்தச் சூடு."

பிள்ளையின் பாதத்தை மூடியிருந்த அவர் கையின்மேல் அவள் தன் கையை வைத்தாள். அந்தக் கை அவருடையது, அதன்மேல் படுவதால் எதுவும் கலையாது. ஒரு கைக்கு அந்தப் பக்கம் பிள்ளை இருந்தான். அவ்வளவு பக்கத்தில் அவள் இருந்தாள். அதற்குமேல் பக்கம் கிடையாது.

தண்ணீர் ஏறியது. தோளில் நின்றது கழுத்துக்கு வந்தது, கழுத்திலிருந்து தாடைக்கு வந்தது, பொந்திலிருந்து கொட்டுகிற சத்தம் குகை முழுக்க நிறைந்தது. மொக்கச்சாமி விசில் ஊதினார். மறுபடி ஊதினார். தவசி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஏறி வாங்கய்யா" என்று காளீஸ்வரி கெஞ்சினாள்.

"நான் வரல" என்றார், கண்ணைத் திறக்காமல். "அவள மட்டும் கரைக்குக் கொண்டுபோயிருங்க. நான் விட்டா விழுந்துருவான்."

நாலு பேர் டியூபோடு குதிக்கத் தயாரானார்கள். குதித்து இழுத்திருப்பார்கள், ஆனால் நாலு பேர் குதித்தால் அங்கே மிச்சமிருப்பது அந்த நாலு பேராகத்தான் இருக்கும். அதனால் எல்லாரும் இந்துராணியைப் பார்த்தோம். அவளைப் பார்த்ததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு யாரைப் பார்ப்பது?

அவள் அவரைப் பார்த்தாள், தண்ணீர் அவர் கீழுதட்டைத் தொட்டிருந்தது. அவள் கையை அவர் கையிலிருந்து எடுத்தாள். பலகையைக் கரைக்குத் தள்ளச் சொன்னாள். காளீஸ்வரி தயங்கினாள், தள்ளினாள். இந்துராணி கரையில் ஏறி, பொங்கலன்று பையை வைத்துக்கொண்டு நின்ற அதே படிக்கல்லில் போய் நின்றாள். அங்கிருந்து, அன்றைக்குக் கத்திய அதே குரலில் கத்தினாள்.

"போதும், ஏறி வாங்க. புள்ளைக்குச் சளி பிடிச்சிரும்."

தவசி கண்ணைத் திறந்தார். ஒருகணம் அவர் அன்றைக்கு நின்ற ஆளைப்போலவே எங்களுக்குத் தெரிந்தார், சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள். பிறகு ஒரு கையை நெஞ்சிலிருந்து எடுக்காமலே, இன்னொரு கையைக் கக்கத்திலிருந்து பிரிக்காமலே, காலால் மட்டும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வந்தார். நாங்கள் டியூபை நீட்டினோம், அவர் அதைப் பிடிக்கவில்லை. டியூப்தான் அவரைப் பிடித்தது. அவருக்குப் பின்னால் செந்நீர் சுழன்று வந்து உள்மூலையை மூடியது. மாலைகள் முதலில் மிதந்து போயின.

கரையேறி வாசலுக்கு நடந்தார், கைகள் அப்படியே இருந்தன. கூனிப்பாறை வந்தது. நாங்கள் எல்லாரும் முதுகை வளைக்கிற இடத்தில் அவர் முட்டி போட்டார். முட்டி போட்டு, தோளை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு, கரட்டுத் தரையில் முழங்காலாலேயே பத்தடி தூரம் போனார், அவர் தலைக்குமேல் இன்னொரு தலை போகிற அளவுக்கு இடம் விட்டு. பக்கத்திலேயே கூனி நடந்த இந்துராணி, அந்த வெறும் இடத்துக்கும் பாறைக்கும் நடுவே, இடித்துவிடாமல் இருக்கத் தன் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே வந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் புறங்கை பாறையில் உரசி உரசித் தோல் வழன்றிருந்தது, என் கடையில் உட்காரவைத்து மஞ்சள் வைத்துவிட்டோம்.